கீ: சாவியா, கட்டையா, சுருதியா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பாட்டு எந்தக் கீ என்று கேட்டால் ஒருவர் ஒன்றரை கட்டை என்கிறார், இன்னொருவர் சி ஷார்ப் ஸ்கேல் என்கிறார், செல்பேசிச் செயலி வேறொன்றைக் காட்டுகிறது. பியானோவில் அழுத்துவதும் கீ. லோ-கீ, கீநோட் ஸ்பீச் என்பவற்றில் வருவதும் இதே கீதானா? எப்போது எதைச் சொல்வது?"

ஆம், எல்லாம் ஒரே சொல்தான். கைபடும் கட்டைக்கும், பாட்டு எந்தச் சுரத்தை வீடாகக் கொண்டது என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பத்துக்கு முதல் காரணம். ஆனால் இதில் ஆங்கிலேயரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. 'கட்டை' என்ற சொல்லை வைத்து நாமும் அதையேதான் செய்திருக்கிறோம்.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கீ என்பது பழைய ஆங்கிலச் சொல். அதன் வேர் தெளிவாகத் தெரியவில்லை. சுமார் 1700 வரை அதை 'கே' என்பது போலத்தான் உச்சரித்தார்கள். இசைப் பொருள் மட்டும் லத்தீனிலிருந்து ஏறியது. லத்தீனில் சாவிக்கு 'கிளாவிஸ்'. இடைக்கால ஐரோப்பிய இசை ஆசிரியர்கள் ஏ, பி, சி என்று சுரங்களுக்கு இட்ட எழுத்துகளைக் கிளாவிஸ் என்றார்கள். கோட்டில் எழுதிய மெட்டை அந்த எழுத்துதானே திறந்து காட்டுகிறது! ஆர்கன் வாத்தியத்தின் கட்டைகள் மேல் அந்த எழுத்துகளைக் குறித்தபோது, எழுத்தின் பெயர் கட்டைக்கும் ஒட்டிக்கொண்டது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். ஆங்கிலத்தில் கிளாவிஸை 'கீ' என்று மொழிபெயர்த்து, அந்தப் பொருள்களையும் அதன் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

அதே கிளாவிஸ் பிரெஞ்சில் 'க்ளெஃப்' ஆனது. இசைத்தாளில் ஐந்து கோட்டின் இடது ஓரத்தில் சுருண்டு நிற்கும் குறி அதுதான். கூர்ந்து பார்த்தால் அது ஜி என்ற எழுத்தின் அலங்கார வடிவம் என்பது தெரியும். சுருளின் மையம் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கோடு ஜி. இடது கைக்கான குறியில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடு எஃப். ஜெர்மனில் பியானோவைச் சொல்லும் 'கிளாவியர்' என்பதும் கிளாவிஸ் வீட்டுப் பிள்ளை. போர்த்துகீசியத்தில் அது 'ஷாவெ' ஆகி, கப்பலேறி வந்து நம் வீட்டுக் கதவில் 'சாவி'யாகத் தொங்குகிறது. ஆக, க்ளெஃப்புக்குச் சொந்தக்காரர் நம் சாவிதான். ஆங்கிலக் கீ உறவுக்காரரே இல்லை, வேலையை மட்டும் பார்க்கிறது. (இலங்கையில் பேச்சு வழக்கில் 'திறப்பு' என்பார்கள். அது இந்தக் கதையில் சேராது.)

இனிப் பொருள்கள். கைபடும் கீயைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

முழு அளவு பியானோவில் 88 கீ: 52 வெள்ளை, 36 கறுப்பு. நாம் பார்ப்பது கட்டையின் முன்பகுதியை மட்டும்தான். நீளத்தில் பெரும்பகுதி உள்ளே இருக்கிறது. நடுவில் ஓர் ஊசியில் சீசா பலகை போலத் தாங்கி நிற்கும் மரத்துண்டு அது. முன்பக்கம் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கினால், மறுபக்கம் எழும்பிச் சுத்தியலைத் தந்தியை நோக்கி எறிகிறது. மழைக்காலத்தில் சில கட்டைகள் அழுத்தினால் எழும்பாமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தந்தியோ சுத்தியலோ அல்ல. ஊசி போகும் துளையின் ஓரத்தில் ஒட்டிய கம்பளித் துணியும் மரமும் ஈரத்தில் உப்பி ஊசியைக் கவ்விக்கொள்கின்றன. இதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'தி எஃப் கீ இஸ் ஸ்டிக்கிங்' என்பார்கள். இதில் எஃப் முன்னால், கீ பின்னால். 'தி கீ ஆஃப் எஃப்' என்று வரிசையை மாற்றினால் கட்டை காணாமல் போய், பாட்டின் சுருதி வந்து உட்கார்ந்துவிடும். சொல் வரிசைதான் இங்கே பொருளைத் தீர்மானிக்கிறது.

மேற்கத்தியப் புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் ஆகியவற்றில் விரல் எட்டாத துளையை மூடித் திறக்கும் உலோக நெம்புகோலும் கீதான். ட்ரம்பெட்டில் இருப்பவை கீ அல்ல, வால்வு. வால்வு வருவதற்கு முன்னால் கீ வைத்த ட்ரம்பெட் ஒன்று கொஞ்ச காலம் இருந்தது. இசையமைப்பாளர் ஹைடன் 1796இல் ட்ரம்பெட்டுக்கு எழுதிய கன்சர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) அந்த வாத்தியத்துக்காகத்தான். வயலினிலும் வீணையிலும் முறுக்குபவை 'பெக்'. வீணையில் பிரடை என்கிறோமே, அதுவேதான். அதைக் கீ என்றால் புரிந்துகொள்வார்கள், ஆனால் தொழில் தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். டிரம்ஸ் தோலை இறுக்கும் சிறிய டி வடிவக் கருவிக்கு மட்டும் 'டிரம் கீ' என்றுதான் பெயர், ஏனென்றால் அது உண்மையிலேயே சாவி போலத் திருகுவது. இசைக்குழுவில் 'ஹூ இஸ் ஆன் கீஸ்?' என்றால் கீபோர்டு வாசிப்பவர் யார் என்று கேட்கிறார்கள்.

கணினியின் கீபோர்டும் இங்கிருந்து போனதுதான். 1868இல் அமெரிக்காவில் ஷோல்ஸும் கூட்டாளிகளும் காப்புரிமை பெற்ற தட்டச்சுப் பொறியில் பியானோ போன்ற கட்டைகளே இருந்தன.

அடுத்தது 'இன் தி கீ ஆஃப் டி' என்னும்போது வரும் கீ. சிக்கல் முழுக்க இங்கேதான்.

மேற்கத்திய இசையில் ஒரு பாட்டின் கீ என்றால் இரண்டு தகவல் சேர்ந்தது. ஒன்று, எந்தச் சுரத்தில் போய் பாட்டு ஓய்கிறது. இரண்டு, அந்த இடத்தைச் சுற்றி மேஜரா (நம் சங்கராபரணம் போன்ற அமைப்பு) மைனரா (நடபைரவி போன்றது). 12 சுரம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வகை, மொத்தம் 24 கீ. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1722இல் தொகுத்த 'நன்கு சுருதி சேர்த்த கிளாவியர்' என்ற தொகுப்பில் இந்த 24க்கும் பிரெலூட், ஃபியூக் என்று ஒவ்வொரு ஜோடிப் படைப்பு இருக்கிறது. தலைப்பில் கட்டை என்ற பொருளில் வந்த கிளாவிஸ், உள்ளே சுருதி என்ற பொருளில் 24 முறை!

வெறுமனே 'இன் ஜி' என்றால் ஜி மேஜர் என்று எடுத்துக்கொள்வதே மரபு. மைனர் என்றால் மைனர் என்று சொல்லியாக வேண்டும். நீண்ட படைப்புக்கு அதன் முதல் பகுதி எந்தக் கீயோ அதுவே பெயர்: பேத்தோவனின் 5ஆம் சிம்பொனியைச் சி மைனர் என்கிறோம், ஆனால் அது முடிவது சி மேஜரில்.

ஸ்கேலும் கீயும் ஒன்றா என்றால், இல்லை. ஸ்கேல் என்பது சுரங்களை வரிசையாக ஏற்றி இறக்குவது, நம் ஆரோகண அவரோகணம் போல. கீ என்பது அந்தச் சுரங்களில் எது தலைமை என்பது. சி மேஜர் ஸ்கேலிலும் ஏ மைனர் ஸ்கேலிலும் இருப்பவை அதே ஏழு வெள்ளைக் கட்டைகள். ஆனால் சியில் வந்து அமரும் பாட்டும் ஏயில் வந்து அமரும் பாட்டும் கேட்பதற்கு வேறு. மேலும், சி மேஜர் கீயில் உள்ள பாட்டில் இடையே எஃப் ஷார்ப் (எஃப்புக்கு அடுத்த கறுப்புக் கட்டை) வந்துபோகலாம். அதனால் கீ மாறிவிடாது. ஸ்கேலுக்குள் அந்தச் சுரத்துக்கு இடமில்லை, கீக்குள் விருந்தாளியாக இடமுண்டு. நம் மெல்லிசை மேடைகளில் 'என்ன ஸ்கேல்?' என்று கேட்பது கீயைத்தான். நமக்குள் அது நிலைத்துவிட்டது, அதைத் திருத்தப் புறப்படுவது வீண் வேலை. வெளிநாட்டுக் கலைஞருடன் வாசிக்கும்போது மட்டும் 'வாட் கீ இஸ் இட் இன்?' என்று கேளுங்கள். கடைசியில் வரும் அந்த 'இன்' விடுபடக் கூடாது. 'ஆன்' போட்டால் கட்டையின் மேல் ஏறி நிற்பது போலாகிவிடும்.

இசைத்தாளிலிருந்து கீயைக் கண்டுபிடிப்பது எளிது. க்ளெஃப்புக்கு அடுத்து ஷார்ப் (சுரத்தை அரைச்சுரம் ஏற்றுவது) அல்லது ஃபிளாட் (அரைச்சுரம் இறக்குவது) குறிகள் வரிசையாக இருக்கும். அரைச்சுரம் என்றால், வெள்ளையோ கறுப்போ, பக்கத்துக் கட்டை வரை உள்ள தூரம். அந்தக் குறி வரிசைக்கு 'கீ சிக்னேச்சர்' என்று பெயர். ஷார்ப் வரும் வரிசை எஃப், சி, ஜி, டி, ஏ, இ, பி. ஒருபோதும் மாறாது. கடைசி ஷார்ப்புக்கு அரைச்சுரம் மேலே போனால் மேஜர் கீ. நான்கு ஷார்ப் இருந்தால் கடைசி டி ஷார்ப். அதற்கு மேல் இ. ஆக இ மேஜர். ஃபிளாட் அதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றும்: பி, இ, ஏ, டி, ஜி, சி, எஃப். கடைசிக்கு முந்தைய ஃபிளாட்டே மேஜர் கீயின் பெயர். மூன்று ஃபிளாட் என்றால் இ ஃபிளாட் மேஜர். ஒரே ஒரு ஃபிளாட் இருந்தால் முந்தையது என்று ஒன்று இல்லையே? அது எஃப் மேஜர், மனப்பாடம் செய்யவேண்டியதுதான். எதுவும் இல்லாவிட்டால் சி மேஜர்.

எல்லோரும் நிறுத்தும் இடம் இதுதான், தவறு நடப்பதும் இங்கேதான். கீ சிக்னேச்சர் மேஜரா மைனரா என்று சொல்லாது. ஒரு ஷார்ப் இருந்தால் ஜி மேஜராகவும் இருக்கலாம், மூன்று அரைச்சுரம் கீழே உள்ள இ மைனராகவும் இருக்கலாம். கடைசி அடியில் பாஸ் சுரம் (எல்லாவற்றுக்கும் கீழே ஒலிப்பது) எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாட்டின் நடுவே டி ஷார்ப் மறுபடி மறுபடி தலைகாட்டினால் அது இ மைனர் என்பதற்கு நல்ல சாட்சி. இ மைனரில் ஓய்வுச் சுரத்துக்கு முந்தைய படியை அரைச்சுரம் உயர்த்தி நெருக்கி வைப்பது வழக்கம்.

இப்போது நம் கட்டைக்கு வருவோம். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளுக்குச் சியில் தொடங்கி 1 முதல் 7 வரை எண். இடையில் வரும் கறுப்புக்கு அரை. அதனால் சி ஒரு கட்டை, சி ஷார்ப் ஒன்றரை, டி இரண்டு, டி ஷார்ப் இரண்டரை, இ மூன்று, எஃப் நான்கு, எஃப் ஷார்ப் நாலரை, ஜி ஐந்து, ஜி ஷார்ப் ஐந்தரை, ஏ ஆறு, ஏ ஷார்ப் ஆறரை, பி ஏழு. மூன்றரை கட்டை என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? கிடையாது, இக்கும் எஃப்புக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. இந்த அளவு தம்புராவிலிருந்தோ குரலிலிருந்தோ பிறக்கவில்லை, கீபோர்டிலிருந்துதான் பிறந்தது என்பதற்கு அந்த இல்லாத மூன்றரையே போதும். வட இந்தியாவிலும் இதே கதைதான்: அங்கே கறுப்பை 'காலி' என்று தனியாக எண்ணுவார்கள், 'காலி ஏக்' என்றால் நம் ஒன்றரை கட்டை.

ஆனால் 'ஒன்றரை கட்டை' என்பதை 'கீ ஆஃப் சி ஷார்ப்' என்று ஆங்கிலத்தில் மாற்றினால் பாதிதான் சரி. கட்டை சொல்வது ஆதார ஷட்ஜம் எங்கே என்பதை மட்டும். மேஜரா மைனரா என்பது அதில் இல்லை; அந்த வேலையை ராகம் பார்த்துக்கொள்கிறது. கச்சேரி அறிமுகத்தில் 'இன் தி கீ ஆஃப் ஜி' என்று எழுதினால் மேற்கத்திய ரசிகர் ஜி மேஜரை எதிர்பார்ப்பார்; நீங்கள் ஐந்து கட்டையில் தோடி பாடிக்கொண்டிருப்பீர்கள். 'டானிக்: ஜி' என்றோ 'சா அட் ஜி' என்றோ எழுதுவதே சுத்தம்.

செயலிகள் தடுமாறுவதும் இதே காரணத்தால்தான். அவற்றுக்குத் தெரிந்தவை 24 விடைகள் மட்டுமே, கொடுத்த பாட்டை அவற்றில் ஒன்றுக்குள் திணித்துவிடும். ஒரு கட்டையில் கல்யாணி பாடினால் வரும் சுரங்கள் சி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி. எஃப் ஷார்ப் ஒன்றைப் பார்த்ததும் செயலி 'ஜி மேஜர்' என்று சொல்லக்கூடும். சுரப்பட்டியல் சரி, வீடு தவறு. அதை நம்பித் தம்புராவை ஐந்து கட்டையில் வைத்தால், உங்கள் சா அங்கே மத்யமம் ஆகிவிடும். அதே கட்டையில் ஹரிகாம்போதி பாடினால் பி ஃபிளாட்டைப் பார்த்து 'எஃப் மேஜர்' என்று சொல்லலாம். மோகனத்தில் எஃப்பும் பியும் இல்லவே இல்லை. சி மேஜர், ஜி மேஜர், எஃப் மேஜர் மூன்றுக்கும் அது பொருந்துவதால் குழப்பம் இன்னும் அதிகம். சங்கராபரணம், நடபைரவி போன்றவை மேஜர், மைனர் வடிவத்துக்கு நேராக ஒத்துப்போவதால் செயலி சொல்வது சரியாக வரும் வாய்ப்பு அதிகம். மற்ற ராகங்களுக்குத் தம்புராவையோ, பாட்டு ஓயும் சுரத்தையோ காதால் பிடியுங்கள்.

'கீ சேஞ்ச்' என்பது கிரகபேதமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கட்டைகளை மாற்றாமல் ஷட்ஜத்தை மட்டும் நகர்த்துவது கிரகபேதம்: மோகனத்தின் ரிஷபத்தைச் சாவாக வைத்தால் மத்யமாவதி, காந்தாரத்தை வைத்தால் இந்தோளம். ஆங்கிலத்தில் சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போவது இதற்கு நெருக்கமானது. ஆனால் சினிமாப் பாட்டிலும் பாப் பாட்டிலும் கடைசிப் பல்லவியை அரைச்சுரமோ ஒரு சுரமோ தூக்கிப் பாடுவார்களே, அதுவும் கீ சேஞ்ச்தான். அதில் மெட்டு அப்படியே இருக்க, கட்டைகள் எல்லாம் மாறும். முன்னதில் வீடு மாறியது, தெரு மாறவில்லை. பின்னதில் தெருவே மாறியது.

மேடையில் கீயால் வரும் சண்டைகளில் பாதி கேப்போவாலும் (கிடாரின் தந்திகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) டிரான்ஸ்போஸ் பொத்தானாலும் வருபவை. கிடாரில் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி ஜி வடிவங்களைப் பிடித்தால் கேட்பது ஏ. கிடார்காரர் தன் விரலைப் பார்த்து 'ஜி' என்று சொல்ல, பாஸ் வாசிப்பவர் ஜியைப் போட, முதல் அடியிலேயே இரண்டும் முட்டிக்கொள்ளும். 'கேப்போ டூ, ஜி ஷேப்ஸ், சவுண்டிங் ஏ' என்று மூன்றையும் சொன்னால் தகராறு இல்லை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் +2 இருக்கும்போது சியை அழுத்தினால் டி ஒலிக்கும். முந்தைய பாட்டில் வைத்த +2ஐ அடுத்த பாட்டுக்கு எடுக்க மறப்பதுதான் வழக்கமான விபத்து. கீயைச் சொல்லும்போது அழுத்துவதை அல்ல, ஒலிப்பதைச் சொல்லுங்கள்.

ஊதுகருவிக்காரர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. பி ஃபிளாட் கிளாரினெட்டில் சி என்று எழுதியதை வாசித்தால் பி ஃபிளாட் கேட்கும். பியானோ சி மேஜரில் இருந்தால் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கும் ட்ரம்பெட்டுக்கும் டி மேஜரிலும், ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு ஏ மேஜரிலும், எஃப் ஹார்னுக்கு ஜி மேஜரிலும் எழுதித் தர வேண்டும். உண்மையில் காதில் விழும் கீயை அவர்கள் 'கன்சர்ட் கீ' என்பார்கள். 'வாட்ஸ் தி கன்சர்ட் கீ?' என்று ஒரு கேள்வி கேட்டால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

பிட்ச் என்பது வேறு. அது ஒரு சுரத்தின் உயரம், அளக்கக்கூடியது: நடு ஏ 440 ஹெர்ட்ஸ் என்பது சர்வதேசத் தரம், அந்தக் கணக்கில் நடு சி சுமார் 261.6. 'ஆஃப்-பிட்ச்' என்றால் சுரம் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நிற்கிறது. 'ஆஃப்-கீ' என்பது பொதுவாக அபஸ்வரமாகப் பாடுவது. பேச்சில் இரண்டையும் மாற்றிச் சொல்வார்கள். வாத்தியம் கெட்டிருந்தால் 'அவுட் ஆஃப் டியூன்', அதை ஆஃப்-கீ என்று சொல்வது அரிது. சபையில் பொருந்தாமல் ஒருவர் எதையாவது உளறினால் அந்தப் பேச்சையும் 'ஆஃப்-கீ' என்பார்கள். சுருதி சேராத பேச்சு என்று நாம் சொல்வதற்கு அச்சொட்டாகப் பொருந்தும் இடம் அது.

மேடைக்கு வெளியே போன சொற்களில் 'கீநோட்' முக்கியமானது. அது முதலில் ஆதாரச் சுரத்தைக் குறித்தது. கூட்டம் எந்தச் சுருதியில் நடக்க வேண்டும் என்று வைத்துக் கொடுக்கும் பேச்சு கீநோட் ஸ்பீச். கடைசியில் பேசும் சிறப்பு விருந்தினரின் உரைக்கு அந்தப் பெயரை வைப்பது, கச்சேரி முடிந்தபின் தம்புரா மீட்டுவது போல. 'லோ-கீ' தாழ்ந்த சுருதியில் பேசுவதிலிருந்து வந்து, ஆரவாரம் இல்லாதது என்றாகிவிட்டது: 'எ லோ-கீ வெட்டிங்' என்றால் சத்தமில்லாமல் நடந்த கல்யாணம். இப்போதைய இளசுகள் 'ஐ லோகீ லைக் இட்' என்று எழுதும்போது 'வெளியே சொல்லிக்கொள்ளாமல், கொஞ்சம்' என்று பொருள். அலுவலக மின்னஞ்சலுக்கு அது வேண்டாம். 'இன் எ மைனர் கீ' என்றால் சோகச் சாயலில், அல்லது சிறிய அளவில். 'கீட் அப்' என்றால் பதற்றத்தில் விறைத்திருப்பது. தந்தியை முறுக்கிச் சுருதி ஏற்றுவதற்கும் ஆங்கிலத்தில் கீ என்ற வினைச்சொல் இருந்தது.

எழுதும்போது ஒரு சின்ன உருபு கவனிக்க வேண்டும். பூட்டுக்கும் ரகசியத்துக்கும் 'கீ டு': 'தி கீ டு தி ஹவுஸ்', 'தி கீ டு சக்சஸ்'. சுருதிக்கு 'கீ ஆஃப்': 'தி கீ ஆஃப் டி மைனர்'. 'கீ டு டி மைனர்' என்று எழுதினால், டி மைனர் என்ற அறையைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள், அதன் சாவியைத் தேடுகிறீர்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.